ஏரிக்கரையில் ஒரு காலைப் பொழுது



தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்கு ஓய்வு நாள் என்பது வாரத்தில் ஒன்று. அந்த ஒரு நாளிலும் துணி துவைக்க வேண்டும். கடைக்குப் போக வேண்டும். கோயிலுக்கும் போக வேண்டும். மிச்சமிருக்கும் பொழுது தொலைக்காட்சியின் முன்னாலோ கைப்பேசியின் முன்னாலோ கரைந்துவிடுகிறது. பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துச் செல்லலாம் என்றால், அதற்குப் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி முதலில் வந்து நிற்கிறது. அதிகப் பணம் கேட்காமல் உடலுக்கும் மனத்துக்கும் நலம் தரும் ஓர் உலாவைப் பற்றி இன்று பேசுவோம். ஏரிக்கரை ஓரமாக ஒரு காலைப் பொழுது குடும்பத்தோடு நடந்து வருவது எப்படி, அதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்பதே இன்றைய உரை.

நடப்பதற்குக்கூடவா ஏற்பாடு என்று சிலர் கேட்கலாம். பால்வெட்டிலும் செம்பனைக் காட்டிலும் நாள்தோறும் மைல் கணக்கில் நடந்து பழகியவர்கள் அல்லவா நாம்? உண்மைதான். ஆனால் வேலைக்காட்டில் நாம் நடக்கும் நிரை நமக்குத் தெரிந்த நிரை. எங்கே பள்ளம், எங்கே வாய்க்கால் என்பது காலுக்கே தெரியும். ஏரிக்கரை நமக்குப் புதிய இடம். அதோடு, வேலைக்காட்டுக்கு நான்கு வயதுப் பிள்ளையையும் முழங்கால் வலியுள்ள பாட்டியையும் நாம் அழைத்துச் செல்வதில்லை. ஆகவேதான் ஏற்பாடு தேவைப்படுகிறது.

எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பது இரண்டாவது கேள்வி. இந்த ஏரி எப்படி உண்டாயிற்று என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை தெரிந்தால், எந்தக் கரையில் நடக்கலாம், எந்தக் கரையை விட்டு விலக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

லகாட், பாப்பான், பூசிங், பத்து காஜா என்று நம் வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஏரிகளைக் காண்கிறோம். நீல நிறமாகவும் பச்சை நிறமாகவும் அவை பார்க்க அழகாகவே இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இயற்கையாக உண்டானவை அல்ல. நம் பெரியவர்கள் 'ஈய லம்பம்' என்று சொல்வார்களே, அந்த ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற குழிகள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே மிகுதியாக வெள்ளீயம் எடுத்த நாடாக மலாயா விளங்கியது. அதில் கிந்தா பள்ளத்தாக்கின் பங்கு மிகப் பெரியது.

ஈயம் எடுத்த முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். வேகமாகப் பீச்சியடிக்கும் நீரால் மண்ணைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைச் சரளைப் பம்பு மேலே இழுக்கும். உயரமான மரச்சாரத்தின் மேல் சரிவாக அமைந்த 'பாலோங்' என்னும் நீண்ட வாய்க்காலில் அது ஓடும். கனமான ஈய மணல் அடியில் தங்க, மற்ற மணலும் சேறும் வெளியேறும். இன்னொரு முறை ஈயக்கப்பல். குளத்தில் மிதந்தபடியே வாளிச் சங்கிலியால் அடிமண்ணைத் தோண்டி எடுக்கும் பெரும் இயந்திரம் அது. 1938ல் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்த அத்தகைய கப்பல் ஒன்று, தஞ்சோங் துவாலாங் வட்டாரத்தில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. 1985 அக்டோபரில் அனைத்துலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பம்புகள் நின்றன. மழைநீரும் ஊற்றுநீரும் குழிகளை நிரப்பின. இப்படி உண்டானவையே நம் ஏரிகள்.

வகுப்பில் ஒரு குளத்தை வரையச் சொன்னால், பிள்ளைகள் கிண்ணத்தைப் போல வரைவார்கள். கரையோரம் ஆழம் குறைவு. நடுவில் போகப் போக ஆழம் கூடும். ஊர்க் குளமும் ஆற்றுத் துறையும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஈயக் குழி கிண்ணமன்று, அது வாளி. கரையிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் கணுக்கால் அளவு நீர் இருக்கலாம். அடுத்த அடியில் ஆளையே மூழ்கடிக்கும் ஆழம் இருக்கலாம். கரையும் உறுதியானது அன்று. கழுவி ஒதுக்கப்பட்ட மணல்தான் பல இடங்களில் கரையாகக் குவிந்திருக்கிறது. மேலே புல் முளைத்துத் திடமாகத் தோன்றினாலும், ஆள் ஏறி நின்றால் சரிந்து விழும். அடியில் படிந்திருக்கும் மென்சேறு காலைப் பிடித்து இழுக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள்கூட இத்தகைய குளங்களில் உயிரிழந்த செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களுள் பலர் மீன் பிடிக்கவோ குளிக்கவோ போனவர்கள். சிலர், தவறி விழுந்த தம்பியையோ நண்பனையோ காப்பாற்றப் போய்த் தாமும் மூழ்கியவர்கள்.

ஆகவே, வேலியும் பாதையும் காவலும் இல்லாத பழைய ஈயக் குளத்தின் கரை, குடும்பத்தோடு நடப்பதற்கு ஏற்ற இடமன்று. தூரத்தில் சாலையில் நின்று அழகைப் பாருங்கள். கரைக்குப் போக வேண்டாம். "ஏன் போகக்கூடாது?" என்று பிள்ளை கேட்டால், "பேய் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். பேய்ப் பயம் பத்து வயதில் போய்விடும். கிண்ணத்தையும் வாளியையும் காட்டி விளக்கிச் சொல்லுங்கள். காரணம் தெரிந்த பிள்ளை, நாம் அருகில் இல்லாத நேரத்திலும் தன்னைக் காத்துக்கொள்ளும்.

அப்படியானால் நாம் எங்கே போய் நடப்பது? நல்ல விடை நம் பேராக் மாநிலத்திலேயே இருக்கிறது. அதுதான் தைப்பிங் ஏரிப் பூங்கா.

வியப்பு என்னவென்றால், அந்த ஏரிகளும் ஈயக் குழிகளாக இருந்தவையே. லாருட் வட்டாரத்தின் ஈயத்துக்காகச் சீனச் சங்கத்தார் பல்லாண்டுகள் ஒருவரோடு ஒருவர் போரிட்டனர். 1874ல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் சண்டை ஓய்ந்தது. ஊருக்குத் தைப்பிங் என்ற பெயர் வந்தது. சீன மொழியில் அதற்குப் பேரமைதி என்று பொருள். கைவிடப்பட்ட சுரங்க நிலத்தை 1880 முதல் திருத்தி, மரங்கள் நட்டு, பூங்காவாக அமைத்தார்கள். மலாயாவின் முதல் பொதுப் பூங்கா என்று இதைச் சொல்வார்கள். அதன் பரப்பு சுமார் 64 ஹெக்டர். பத்து ஏரிகள், அவற்றைச் சுற்றிப் பாதைகள், இடையே பாலங்கள், பின்னால் மேகம் தவழும் புக்கிட் லாருட் மலை. உள்ளே நடக்கக் கட்டணம் இல்லை.

ஒரே வகைக் குழிதான். ஓரிடத்தில் அது உயிரைக் குடிக்கிறது. இன்னோரிடத்தில் பிள்ளைகள் அதன் கரையில் ஓடி விளையாடுகிறார்கள். வேறுபாடு மனிதர் செய்த வேலையில் இருக்கிறது. கரையைத் திருத்தினார்கள், பாதை போட்டார்கள், வேர் பிடிக்கும் மரங்களை நட்டார்கள், பராமரிக்க ஆட்களை வைத்தார்கள். நம் வட்டாரத்திலும் அத்தகைய முயற்சிகள் நடந்திருக்கின்றன. பத்து காஜாவுக்கு அருகே பழைய ஈயக் குளங்கள் பல சேர்ந்த பகுதி கிந்தா இயற்கைப் பூங்காவாகி, கொக்குகளுக்கும் நாரைகளுக்கும் கூடு கட்டும் இடமாக இருக்கிறது.

சரி, தைப்பிங் போவதென்று முடிவு செய்துவிட்டோம். இனி நேரத்தைப் பற்றிப் பார்ப்போம்.

தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெய்யும் ஊர்களில் தைப்பிங் முதன்மையானது. ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை அங்கே பெய்கிறது. காரணம் அந்த மலைதான். கடற்பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே எழும்புகிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகி மழையாக இறங்குகிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, ஈரக்காற்று இன்னும் வேகமாக மேலெழுகிறது. ஆகவே இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இது கூடுதலாக இருக்கும்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? நடையைக் காலையில் தொடங்கி, நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்கு எழுந்து பழகிய நமக்கு இது கடினமன்று. லகாட்டிலிருந்து ஈப்போ சிறிது தூரம்தான். ஈப்போவிலிருந்து தைப்பிங்கிற்கு மின் இரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழியில் மலையைக் குடைந்த நீண்ட சுரங்கப் பாதையைக் கடக்கும்போது, பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். ஓய்வு நாள்களில் இருக்கைகள் விரைவில் நிரம்பிவிடும். ஆகவே சீட்டை முன்கூட்டியே வாங்குவது நல்லது. திரும்பும் இரயிலின் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். காரில் போனால் சுமார் 80 கிலோமீட்டர். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்துப் போனால் செலவு குறையும்.

மின்னலைப் பற்றி இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று வினாடி எடுத்துக்கொள்ளும். மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், மின்னல் விழுந்த இடம் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் நம் அருகிலேயே விழலாம். உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. நீரோரத்திலும் நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வர வேண்டும்.

இனித் தூரத்துக்கு வருவோம். குடும்ப நடையில் கூட்டத்தின் வேகம், மிக மெதுவாக நடப்பவரின் வேகமே ஆகும். திடமான ஆள் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீட்டர் நடக்கலாம். சிறு பிள்ளையும் பாட்டியும் சேர்ந்தால் இரண்டு, மிஞ்சினால் மூன்று கிலோமீட்டர். ஆகவே தூரத்தை அளக்காமல் நேரத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். நடப்பதற்கு மொத்தம் இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்தால், ஐம்பது நிமிடம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மிச்சமுள்ள எழுபது நிமிடம் திரும்பி வருவதற்கு. போகும்போது உள்ள தெம்பு வரும்போது இருக்காது, வெயிலும் ஏறியிருக்கும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று யாராவது சொல்வார்கள். அன்றைக்கு வேண்டாம், அடுத்த முறை வரலாம் என்று சொல்லிவிடுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை லிட்டர் குடிநீர். புளிச்சோறோ நாசி லெமாக்கோ இலையில் கட்டிய உணவு. தொப்பி, குடை, பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி. வழுக்காத காலணி வேண்டும். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். காலில் புண் இருந்தால் நீர் புகாதபடி கட்டுப் போடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் புண்ணில் பட்டால் எலிக் காய்ச்சல் வரக்கூடும். சாப்பிடுமுன் கை கழுவச் சவர்க்காரமும் தனியே கொஞ்சம் நல்ல தண்ணீரும் இருக்கட்டும். குப்பையைக் கட்டிக்கொண்டு வர ஒரு பை.

இன்னும் ஒரு பொருள் உண்டு. மூடியுள்ள பெரிய காலிப் போத்தல் ஒன்றை எடுத்து, மூடியை இறுக மூடி, அதன் கைப்பிடியில் துணி காயப்போடும் கயிற்றைப் பத்து மீட்டர் நீளத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள். ஐந்து லிட்டர் எண்ணெய்ப் போத்தலே போதும். யாராவது நீரில் தவறி விழுந்தால் அதை வீசலாம், அவர் அதைப் பிடித்து மிதப்பார், நாம் இழுக்கலாம். அருகில் விழுந்தவருக்குக் குச்சியையோ குடையையோ வேட்டியையோ, கரையில் படுத்தபடி நீட்டலாம். எது செய்தாலும் செய்யுங்கள்; நீரில் மட்டும் இறங்காதீர்கள். நீட்டு, வீசு, இறங்காதே என்ற மூன்று சொற்களைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். இன்னொருவர் உடனே 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

ஆறு பேர் சேர்ந்து போனால், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? எல்லாரும் பார்ப்பார்கள் என்று இருந்தால், ஒருவரும் பார்க்காத நேரம் வந்துவிடும். அம்மா, அப்பா கவனிப்பார் என்று நினைப்பார். அப்பா, அம்மாவோடு இருக்கிறான் என்று நினைப்பார். ஆகவே புறப்படும்போதே சொல்லிவிடுங்கள்: சின்னவன் பெரியப்பா பொறுப்பு, மகள் அக்காள் பொறுப்பு. பொறுப்பாளர் நீர்ப்பக்கமாக நடக்க வேண்டும். பிள்ளை மேட்டுப் பக்கமாக நடக்க வேண்டும். பொறுப்பை மாற்றும்போது வாயால் சொல்லி மாற்றுங்கள். பொறுப்பில் இருப்பவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

ஏற்பாடுகள் முடிந்தன. இனிக் கண்ணால் காண வேண்டியவற்றைச் சொல்வோம். பூங்காவின் ஓரத்தில் பெரிய மரங்கள் வரிசையாக நிற்கின்றன. நூறு வயதைக் கடந்தவை. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இனம். வெளிச்சத்தைத் தேடி, பாதையைக் கடந்து, ஏரி நீரைத் தொடும் அளவுக்குக் கிளைகளை நீட்டியிருக்கின்றன. அவற்றின் கீழே உள்ள பாதையை இன்று நடப்போருக்கென்று விட்டிருக்கிறார்கள். அந்த மரத்துக்குத் தமிழில் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர். மாலையில் இலைகளை மடித்துக்கொள்ளும். அதனால் மலாய்க்காரர்கள் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். வானம் இருண்டு வெளிச்சம் குறைந்தாலும் அது இலையை மடிக்கும். நாம் நடந்துகொண்டிருக்கையில் அப்படி மடியக் கண்டால், நாமும் பாயை மடித்துக்கொண்டு கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நீரோரம் கொக்கு அசையாமல் நிற்கும். மீன்கொத்தி நீலக் கீற்றாய்ப் பாய்ந்து மறையும். எத்தனை வகைப் பறவை கண்டோம் என்று பிள்ளைகள் ஒரு தாளில் எழுதட்டும். பாட்டியோ தாத்தாவோ கூட வந்தால், ஓரிடத்தில் உட்கார்ந்து பழைய கதைகளைச் சொல்லச் சொல்லுங்கள். தைப்பிங்கிலிருந்து அன்றைய போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோல செப்பெத்தாங்குக்கு, 1885ல் இந்த நாட்டின் முதல் இரயில் ஓடியது. பிறகு நாடெங்கும் இரயில் பாதை போட்டதில் நம் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பு பெரிது. காலையில் இரயிலில் வந்த பிள்ளைக்கு அது பாடப்புத்தகச் செய்தியாக இராது. தன் குடும்பக் கதையாகவே இருக்கும்.

இத்தகைய நடை பழகிவிட்டால், பெரிய பயணம் ஒன்றையும் எண்ணலாம். இயற்கையை மக்களுக்காகக் காத்து வைக்கும் தேசியப் பூங்கா என்னும் ஏற்பாடு 1872ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் தொடங்கியது. நம் மாநிலத்தின் வடக்கே, கிரிக்குக்கு அப்பால், ரோயல் பெலும் மாநிலப் பூங்கா இருக்கிறது. 2007ல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 117,500 ஹெக்டர். மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் பெலும் தெமெங்கோர் காடுகளில் வாழ்கின்றன. அங்கும் நம் முதல் கேள்வியைக் கேட்போம்: அந்த ஏரி எப்படி உண்டாயிற்று? பேராக் ஆற்றின் குறுக்கே அணை கட்டியதால், 1970களின் இறுதியில் காட்டுப் பள்ளத்தாக்கில் நீர் தேங்கி உண்டானது தெமெங்கோர் ஏரி. மூழ்கிய மரங்கள் இன்றும் நீரில் நிற்கின்றன. மின்சார அணையாதலால் நீர்மட்டம் ஏறி இறங்கும். கரை நிலையாக ஓரிடத்தில் இராது. ஆகவே அங்கே ஏரியைச் சுற்றி நடக்க முடியாது. படகில் சென்று இறங்கி, வழிகாட்டியோடு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். உள்ளே நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். படகு உண்டு, தங்கும் செலவு உண்டு. பல குடும்பங்கள் சேர்ந்து மாதந்தோறும் சிறிது சேர்த்து வைத்தால், ஒரு நீண்ட பள்ளி விடுமுறையில் போய்வர முடியாததன்று.

நேயர்களே, பூங்கா என்பது வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. அது பொதுச்சொத்து, அதில் நமக்கும் பங்குண்டு. இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். எந்த ஏரி, அது எப்படி உண்டானது, எத்தனை மணிக்குப் புறப்படுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எந்தப் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று ஐந்து வரி எழுதுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஒரு படியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். நாம் சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் தேடுவதற்கு அது உதவும்.